பதினோரு நாள் பறந்த விமானம்

கஸ்தானியா, லக்கோனியா
9 ஜனவரி 1984

அன்புத் தம்பி ஸராந்தோஸுக்கு,

அக்கா எழுதுகிறேன். பண்டிகைக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டை வந்தது. அட்டையில் இருந்தது அச்சடித்த எழுத்தும் உன் கையெழுத்தும் மட்டும்தான். உன் வீட்டுக்காரி அர்கிரோ எப்படி இருக்கிறாள், உங்கள் பெண்கள் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்று நாலு வரி எழுத உனக்குக் கை வலிக்குமா? நான் இங்கே ஒண்டிக்கட்டை. ஒரு கடிதம் வந்தால் பத்து நாள் வைத்துப் படிக்கிறவள் என்று உனக்குத் தெரியாதா?

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒலிவ் பறித்து முடிக்கவில்லை. மலையில் பனி இறங்கிவிட்டதால் காலையில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. போன வருடத்தைவிடக் காய் பரவாயில்லை.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் வேறு. அம்மா போய் மார்ச்சோடு மூன்று வருடம் ஆகிறது. நம் கல்லறைத் தோட்டம் எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். நோன்புக்கு முன்னால் வரும் ஆன்மாக்களின் சனிக்கிழமை, பிப்ரவரி 25 அன்று அவள் குழியைத் திறக்கலாம் என்று பாதிரியார் யெராஸிமோஸ் சொல்லிவிட்டார். எலும்புகளை எடுத்து, ஒயினில் கழுவி, அப்பாவின் எலும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தோண்டி எடுப்பது வழக்கம்போலப் பக்கத்து வீட்டுக் கனேலாதான். அவள் கை பட்டால் ஒரு விரல் எலும்புகூடத் தவறாது.

தலையை முதலில் வாங்க வேண்டியது மகன். அப்பாவுடையதை நீதான் வாங்கி நெற்றியில் முத்தமிட்டாய். அதனால் உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லிவிட்டேன். வர முடியாவிட்டால் பரவாயில்லை. அவ்வளவு தூரம். உனக்குக் கடை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. நிஜமாகவே பரவாயில்லை.

கனேலா ஒரு கனவு கண்டாளாம். நேற்றுச் சுள்ளி பொறுக்கப் போகும்போது சொன்னாள்.

"உங்கம்மா வாசல்ல நிக்கிறா, ஸ்டமாட்டா. செருப்பக் கழட்டிக் கையில வச்சிருக்கா. உள்ள வா கலோமிரான்னு கூப்புடுறேன். வர மாட்டேங்கிறா. போகவும் மாட்டேங்கிறா."

"கனவுதானே," என்றேன்.

"நான் நாப்பது வருஷமா தோண்டுறவ. இந்த மாதிரிக் கனவு வந்தா மண்ணு நல்ல சேதி சொன்னதில்ல," என்றாள்.

அதிலிருந்து மனம் சரியில்லை. நீ பதில் போடு.

அன்பு அக்கா
ஸ்டமாட்டா


மெல்போர்ன்
24 ஜனவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பன்னிரண்டு நாளில் வந்தது. இங்கே நாற்பது டிகிரி வெயில். கடையில் மின்விசிறி ஓடுகிறது, காற்றுதான் வரவில்லை. அர்கிரோவும் பெண்களும் சுகம். மூத்தவள் என்னைவிட உயரமாகிவிட்டாள், கிரேக்கத்தில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். திட்டினால் அதற்கும் ஆங்கிலத்தில்தான் அழுகிறாள்.

நீ தூரம் என்கிறாய். இந்த ஊரில் அந்தத் தூரத்தை என்னைவிட நன்றாக அறிந்தவன் கிடையாது. பதினாறு வருடமாக டிக்கெட் கடையில் உட்கார்ந்து நான் விற்பது அதைத்தானே. மெல்போர்னிலிருந்து ஏதென்ஸ் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காற்றில் இருபது மணி நேரம். சிங்கப்பூரிலும் பஹ்ரைனிலும் இறங்கி ஏறுவதற்கு நாலு மணி நேரம். பிறகு ஸ்பார்ட்டாவுக்குப் பேருந்து, அங்கிருந்து ஊருக்கு இன்னொரு பேருந்து. காத்திருப்பதையும் சேர்த்தால் முப்பத்தொரு மணி நேரம். மேசைக்கு மேலே உலகப் படம் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்கவே தேவையில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள். தந்தியோடு வருகிறவர்கள் வேறு. நேற்றுக்கூட கலாவ்ரிதா ஊர்க்காரர் ஒருவர், வேலை உடுப்போடு ஓடி வந்தார்.

"எத்தன மணி நேரம் ஆவும்யா?"

"தந்தியக் காட்டுங்க."

"அப்பா கவலைக்கிடம்னு இருக்கு. உசுரு இருக்குதானே?"

எனக்குத் தெரிந்து எந்தக் கிரேக்கக் குடும்பமும் தந்தியில் 'இறந்துவிட்டார்' என்று எழுதியதில்லை. வழியிலேயே பிள்ளை உடைந்துபோவானே என்று 'கவலைக்கிடம்' என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் மறுநாள் சூரியன் சாய்வதற்குள் அடக்கம். முப்பத்தொரு மணி நேரத்தில் போய் நிற்பவன் ஈர மண்ணைத்தான் பார்ப்பான். அதைப் பக்குவமாகச் சொல்லுவதுதான் என் வேலை.

உன் தந்தி வந்த அன்றைக்கும் அந்தக் கணக்குதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. 'அம்மா கவலைக்கிடம். உடனே வா.' விமானம் இரவு ஒன்பதுக்கு. இங்கே நேரம் உங்களைவிட எட்டு மணி முன்னால். எப்படிப் பார்த்தாலும் புதன் இரவுதான் ஊருக்கு வந்திருப்பேன். செவ்வாய் மாலையே எல்லாம் முடிந்திருக்கும். விமானத்தில் இடமும் இல்லை. அதனால்தான் அன்றே அனுதாபத் தந்தி கொடுத்தேன். ஒன்பதாம் நாள் இங்கே நம் கோயிலில் கோதுமைப் படையல் வைத்து வழிபாடு நடத்தினோம். ஒவ்வொரு மார்ச் இரண்டாம் தேதியும் நடத்துகிறோம். அந்தத் தந்தியைப் பற்றி நீ இன்றுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. கோபமாக இருந்தால் திட்டிவிடு அக்கா. உன் கடிதங்கள் அன்றிலிருந்து வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கின்றன.

இந்தத் தடவை வர முடியாது. நோன்புக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் போகிறவர்கள் எல்லாம் பிப்ரவரியில்தான் வருவார்கள். உயிரோடு இருந்தபோது வராதவன் எலும்புக்கு வந்து என்ன? என் சார்பாக நீயே வாங்கிக்கொள். கனேலாவிடம் இரவில் குறைவாகச் சாப்பிடச் சொல்.

உன் தம்பி
ஸராந்தோஸ்


கஸ்தானியா
27 பிப்ரவரி 1984

தம்பி,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை திறந்தோம். வழிபாடு முடிந்து பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கனேலா மண்வெட்டியால் மேல்மண்ணை எடுத்தாள், பிறகு சின்னக் கரண்டியால் எடுத்தாள். ஒரு முழம் இறங்கியதும் நிறுத்திக் கையால் தட்டிப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மா கரையவில்லை. கறுப்புப் பாவாடை அப்படியே இருக்கிறது. பின்னல் அப்படியே இருக்கிறது. மார்பில் குவித்த கைகள் தோலோடு, விரலோடு, நாங்கள் எப்படி வைத்தோமோ அப்படியே. முகத்தைப் பற்றி எழுத மாட்டேன். மூன்று வருடம், ஸராந்தோஸ். இரண்டு வரிசை தள்ளி, அவளுக்கு ஆறு மாதம் கழித்துப் புதைத்த தபால்காரரின் எலும்புகள் அன்றைக்கே சுத்தமாக வெளியே வந்தன.

பெண்கள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். மன்றாடும் பாட்டு பாதியில் நின்றது. பாதிரியார் மட்டும்தான் நகரவில்லை.

"மூடிருங்க," என்றார். "யாரோ இன்னும் இவங்களப் பிடிச்சு வச்சிருக்காங்க. இல்ல, இவங்க யாரையோ பிடிச்சு வச்சிருக்காங்க. மனஸ்தாபம் இருக்கிறவங்க யாரா இருந்தாலும் வந்து, இந்த மண்ணுல ஒயின ஊத்தி, மன்னிச்சேன்னு வாயால சொல்லணும். அடுத்த வருஷம் இதே சனிக்கிழமை மறுபடி திறப்போம்."

"அடுத்த வருசமும் இப்படியே இருந்தா?" என்று கனேலா கேட்டாள்.

"அப்ப ஆயருக்கு எழுதணும்," என்றார்.

என் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினேன். நேற்றுக் கோயிலில் என் பக்கத்து இருக்கை இரண்டு பக்கமும் காலி. முட்டை வாங்க வருகிறவர்கள் இன்று வரவில்லை. வீட்டைத் தாண்டிப் போகும்போது சிலுவை போட்டுக்கொள்கிறார்கள், நான் ஜன்னலில் இருப்பதைப் பார்த்தும்.

அவளிடம் உனக்கு ஏதாவது மனஸ்தாபம் உண்டா? இருந்தால் எழுது. ஒளிக்காதே. அவள் மண்ணில் கரைய வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா
ஸ்டமாட்டா


மெல்போர்ன்
12 மார்ச் 1984

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாளாக அம்மாவின் கைகள்தான் கண்ணில் நிற்கின்றன.

உண்டு. மனஸ்தாபம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. கோயிலில் அவளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் எனக்குள் ஒரு வார்த்தை ஓடும். 'ஒரு நாள் காத்திருக்கக் கூடாதா?' இருபது வருடம் பார்க்காத மகன். முப்பத்தொரு மணி நேரம். அதுவரை மூச்சைப் பிடித்திருக்கக் கூடாதா? பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். சாவு யாரைக் கேட்டு வருகிறது? ஆனாலும் அந்தக் கோபம் போகவில்லை. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்ற கோபம்.

அதுதான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால், நான் வந்து விட்டுவிடுகிறேன். அடுத்த வருடத் திறப்புக்கு வருகிறேன். சத்தியம். பிப்ரவரி 13 புதன் இரவு இங்கே ஏறினால் வியாழன் ஏதென்ஸ், வெள்ளி மாலைப் பேருந்தில் ஊர். சனிக்கிழமை காலையில் மண்ணின் மேல் நின்று, 'நீ காத்திருக்காமல் போனதை மன்னித்தேன் அம்மா' என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

நீ தைரியமாக இரு. ஊர்க்காரர்கள் சிலுவை போட்டால் போடட்டும்.

உன் தம்பி
ஸராந்தோஸ்


கஸ்தானியா
26 மார்ச் 1984

ஸராந்தோஸ்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. அர்கிரோ பக்கத்தில் இருக்கட்டும்.

அவள் காத்திருந்தாள். ஒரு நாள் இல்லை, பதினோரு நாள்.

அம்மா இறந்தது மார்ச் இரண்டாம் தேதி இல்லை. பதினான்காம் தேதி, சனிக்கிழமை காலை. சிலுவையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீ வந்தால் அதைப் பார்ப்பாய். பார்ப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

இதயம் வீங்கி மூச்சு வாங்கியது. ஸ்பார்ட்டாவிலிருந்து வந்த டாக்டர், "பிள்ளைங்க வெளியூர்ல இருந்தா வரச் சொல்லிருங்க. ஒரு வாரம் தாங்கலாம்," என்றார். தந்தி ஆபீஸ்காரர் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம், "நெசமாவே கவலைக்கிடமா, இல்ல எல்லாரும் எழுதுற மாதிரியா?" என்று கேட்டார். "நெசமாத்தான்," என்றேன். அதை உனக்கும் சேர்த்து எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ புறப்பட்டுவிடுவாய் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை உன் தந்தி வந்தது. 'அம்மாவின் ஆன்மா சாந்தியடையட்டும். வர இயலவில்லை.' வாசலில் நின்று படிக்கிறேன். உள்ளே கட்டிலிலிருந்து அம்மா கேட்கிறாள், "அவன்தானே? கெளம்பிட்டானா?"

உயிரோடு இருக்கிறவளுக்கு அனுதாபம், ஸராந்தோஸ். அப்போதே ஓடிப்போய், 'உயிரோடு இருக்கிறாள், வா' என்று இன்னொரு தந்தி கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஆத்திரம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வராமல் இருந்துவிட்டான், இவனிடம் இரண்டாம் தடவை கெஞ்சுவதா என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்துக்கு நான் தினமும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"கெளம்பிட்டான்மா. விமானத்துல ஏறிட்டான்," என்றேன்.

அதற்குப் பிறகு அந்த விமானத்தை என்னால் இறக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து உலகப் படம் வாங்கி வந்தேன். காலையில் கண் விழித்ததும் கேட்பாள், "இப்ப எங்க வந்துட்டான்?" சிங்கப்பூர் என்றேன். இரண்டு நாள் சிங்கப்பூரில் மழை. பிறகு பம்பாய் என்றேன். பம்பாயில் இறக்கையை ரிப்பேர் பார்க்கிறார்கள் என்றேன். எழுதப் படிக்கத் தெரியாதவள், பஸ்ஸைத் தவிர எதிலும் ஏறாதவள், நம்பினாள்.

"அவ்ளோ நாளு ஒக்காந்தே இருந்தா கால் வீங்காதா?"

"நடுவுல எறங்கி நடக்க விடுவாங்கம்மா."

"சோறு குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க."

"அந்த ஓட்டுறவனுக்கும் பெத்தவ இருப்பாளே. அவனையும் சேத்துக் கும்புடுறேன்."

நீ அங்கே ஒன்பதாம் நாள் படையல் வைத்தாயே, அன்றைக்கு அவள் எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தாள். என் பையன் வரும்போது படுத்திருக்கக் கூடாது என்று பின்னல் போட்டுவிடச் சொன்னாள். அந்தப் பின்னலைத்தான் போன மாதம் பார்த்தேன்.

பதின்மூன்றாம் தேதி கனேலா பார்க்க வந்தாள். அம்மா பெருமையாகச் சொன்னாள், "எம் மவன் பத்து நாளா வந்துக்கிட்டிருக்கான்." கனேலாவுக்கு நான் கண் காட்டுவதற்குள் வாய் திறந்துவிட்டாள். "பத்து நாளா? எங்க அண்ணன் மவன் அங்கேருந்து திங்கக்கெழம ஏறுனான், செவ்வாக்கெழம வந்துட்டானே."

அம்மா கனேலாவை விட்டு என் பக்கம் திரும்பினாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கனேலா போய், மாலையானது. பிறகு பாதைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன். அப்புறம் அதைச் சொன்னாள்.

"இனிமே அவன் காலு இந்த மண்ணுல படக்கூடாது. வந்தான்னா, வந்த வழியே அவன முழுங்கட்டும்."

பெற்றவளின் வாய். கடைசி வார்த்தை. மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள்.

இதை மூன்று வருடமாகச் சொல்லாமல் இருந்தேன். நீயும் எந்த நாள், எந்த நேரம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஜனவரியில் உன்னை வரச் சொல்லிவிட்டு, வராதே வராதே என்று வேண்டிக்கொண்டவள் நான்தான். பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சபிக்கப்பட்டவன் வந்து நின்னாத்தான் சபிச்சவளுக்கு விடுதலை," என்கிறார். எனக்கோ நீ அந்த விமானத்தில் ஏறுவதை நினைத்தாலே குலை நடுங்குகிறது. வா என்று சொல்லவும் பயம், வராதே என்று சொல்லவும் பயம். பொய் சொன்னதற்கும் இரண்டாம் தந்தி கொடுக்காததற்கும் என்னை மன்னிப்பாயா என்று நான் கேட்கவில்லை. முதலில் அவளைப் பார்.

ஸ்டமாட்டா


மெல்போர்ன்
15 ஏப்ரல் 1984

அக்கா,

உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் ஓடிவிட்டது. பதினோரு நாளில் நான் வந்து, இருந்து, மறுபடி இங்கே திரும்பி, மறுபடியும் வந்திருக்கலாம். இந்தக் கணக்கு என்னை விட மாட்டேன் என்கிறது. சாப்பிடும்போதும் ஓடுகிறது.

நீ ஒளித்ததைச் சொல்லிவிட்டாய். நானும் சொல்கிறேன். இடம் இல்லை என்று எழுதினேனே, அது பொய். அன்று இரவு விமானத்தில் ஒரே ஒரு இடம் இருந்தது. எனக்காக மதியம்வரை பிடித்து வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்குச் செரஸ் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். அவர் கையிலும் தந்தி. 'அப்பா கவலைக்கிடம்.' உன் தந்தியில் இருந்த அதே வார்த்தைகள்.

"அண்ணே, முடிஞ்சிருக்கும். வீணா அலையாதீங்க," என்றேன்.

"முடிஞ்சா முடியட்டும். மண்ணையாவது பாக்குறேன்," என்றார்.

எனக்குப் பிடித்து வைத்த இடத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தேன். பெரிய மனது பண்ணியதாக நினைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், முடிந்த வீட்டுக்குள் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இருபது வருடமாக வராத மகனை ஊர் என்ன கேட்கும் என்ற பயம். கணக்கு எனக்கு நல்ல சாக்காகப் போய்விட்டது.

அந்த வருடம் மே மாதம் அந்த மனிதர் ஒரு பெட்டி லூக்குமி மிட்டாயோடு கடைக்கு வந்தார். "எங்கப்பா உசுரோட இருந்தாருய்யா! ஒரு மாசம் கூட இருந்துட்டு வர்றேன்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கே எனக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது. நம் தந்தியும் நிஜமாக இருந்திருந்தால்? உனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். பயத்தில் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

வருகிறேன் அக்கா. அவள் என்ன சொல்லியிருந்தாலும் வருகிறேன். மன்னிக்க இல்லை, மன்னிப்புக் கேட்க. டிக்கெட்டை இன்றைக்கே எழுதிவிட்டேன். நான் வரும்வரை நீ தனியாக எதையும் சுமக்காதே.

தம்பி
ஸராந்தோஸ்


மெல்போர்ன்
15 பிப்ரவரி 1985

அக்கா,

நான் வரவில்லை என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை விமான நிலையத்துக்குப் போனேன். பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டேன். அர்கிரோவும் பெண்களும் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வாசலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள், "எத்தன மணி நேரம் தம்பி?" என்று கேட்டாள். தினமும் நூறு பேருக்குச் சொல்கிற பதில், எனக்கு வரவில்லை. வந்த வழியே முழுங்கட்டும் என்று நம் அம்மா சொன்னதுதான் காதில் கேட்டது. கால் நகரவில்லை. எல்லோரும் ஏறிவிட்டார்கள். என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பெட்டியை இறக்கி என்னிடம் கொடுத்தார்கள்.

விமானம் ஒரு குறையும் இல்லாமல் ஏதென்ஸில் இறங்கியது. மறுநாள் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உனக்குத் தந்தி கொடுக்கப் போனேன். தாளை எடுத்ததும் போன தடவை எழுதியது நினைவுக்கு வந்தது. எழுத முடியவில்லை. நீ பேருந்து நிற்கும் இடத்தில் நின்றிருப்பாய். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. எனக்குப் பெண்கள் இருக்கிறார்கள் அக்கா. எனக்கு ஏதாவது ஆனால் அவர்கள் கதி? நீ கோபப்படு, திட்டு, ஆனால் எழுது. அடுத்த வருடம் கட்டாயம்...

தம்பி
ஸராந்தோஸ்


கஸ்தானியா
28 பிப்ரவரி 1985

ஸராந்தோஸுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நடந்ததைத் தெரிவிப்பது முறை என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்துக்குப் போயிருந்தேன். கனேலாவும் கூட வந்தாள். ஓட்டுநர் கதவைத் திறந்து, "இன்னைக்கு யாருமே இல்லக்கா. காலி வண்டியத்தான் ஓட்டிட்டு வர்றேன்," என்றார். விமானத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்பார்ட்டாவுக்குப் போன் போட்டு, அங்கிருந்து ஏதென்ஸுக்குக் கேட்கச் சொல்லி, எல்லாம் பத்திரமாக இறங்கியது, பட்டியலில் உன் பெயர் இல்லை என்று பதில் வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் நான் அம்மாவைக் கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை ஊரே வந்திருந்தது. போன வருடம் பார்த்ததை மறுபடி பார்க்கத்தான் வந்தார்கள். நான் தனியாகப் போய் ஒயினை ஊற்றினேன். என் பங்குக்கு மன்னிப்புக் கேட்டேன். உன் பங்குக்குக் கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவில்லை.

கனேலா கரண்டியைப் போட்டாள். மண் பொலபொலவென்று வந்தது. அம்மா முழுசாகக் கரைந்திருந்தாள். எலும்பு ஒவ்வொன்றும் சுத்தமாக, தேன் நிறத்தில் வந்தது. பெண்கள் அழுதுகொண்டே கை தட்டினார்கள். போன வருடம் பின்னால் நகர்ந்தவர்களே என்னைக் கட்டிக்கொண்டார்கள். பாதிரியார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மன்னிச்சுட்டாங்கம்மா," என்றார்.

நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் எனக்குத் தெரியும், அது இல்லை. அவளோடு பதினோரு நாள் இருந்தவள் நான். ஆத்திரத்தில் சபித்தாளே தவிர உனக்காகக் காத்திருப்பதை அவள் விடவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னவள், சாத்திய ஜன்னலைத்தான் விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணுக்குள்ளும் அப்படியே கிடந்திருக்கிறாள். இப்போது விட்டுவிட்டாள். அதனால்தான் கரைந்தாள்.

கனேலா தலையைத் துணியால் துடைத்துக் கையில் ஏந்திக்கொண்டு, வழக்கப்படி உரக்கக் கேட்டாள், "மகன் எங்க? யாரு வாங்குறது?"

"மகன் இல்ல. நான்தான்," என்றேன். வாங்கி முத்தமிட்டேன். அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாகிவிட்டது.

நீ கோபப்படச் சொல்கிறாய். தேடிப் பார்த்தேன், கோபம் இல்லை. பத்திரமாக இருக்கிறாய் என்பதில் எனக்கு நிம்மதிதான். உன் பெண்கள் நன்றாக இருக்கட்டும். அடுத்த வருடம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். நீ வந்தால் படுக்க என்று நடு அறையில் ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தேன், இருபது வருடமாக விரிப்பு மாற்றி மாற்றி. அதைத் திங்கட்கிழமை கனேலாவின் மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன். அறை இப்போது பெரிதாகத் தெரிகிறது.

ஸ்டமாட்டா